நாணல் காட்டில் விட்ட வழி

விரிப்பில் நீல மார்க்கரால் சதுப்பு நிலத்தை வரைந்து முடித்தபோது இரவு பத்தரை ஆகியிருந்தது. நாங்கள் ஆடியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம். விரிப்பில் ஒரு கட்டம் ஐந்து அடி. எங்கள் குழு நின்ற இடத்திலிருந்து உறுதியான கரைக்கு இருபத்துநான்கு கட்டம். பின்னால் பன்னிரண்டு கட்டத் தொலைவில் எங்களைத் துரத்தும் எட்டு காப்ளின்களும், அதாவது குட்டிப் பூதங்களும், ஓகர் என்ற ஒரு ராட்சதனும். ட்வார்ஃப் வீரனின் தோளில் காப்பாற்றிக் கொண்டுவந்த ஒரு சிறுவன். நான் அன்றைய ஆட்டத்தை நடத்துபவன், அதாவது டன்ஜன் மாஸ்டர். நால்வர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. சதுப்பு கடின நிலம். அதில் ஓர் அடி நகர இரண்டு அடி செலவாகும். ட்வார்ஃபின் வேகம் 25 அடி. தாக்குவதை விட்டுவிட்டு முழு மூச்சாக ஓடினால் 50. சேற்றில் அது பாதியாகி 25 அடி, ஐந்து கட்டம். காப்ளின் அதே சேற்றில் ஆறு கட்டம் ஓடும். வேகம் 40 அடி கொண்ட ஓகர் எட்டு கட்டம். எல்லோரும் ஒருமுறை நகர்ந்து முடிப்பது ஒரு சுற்று. சுற்றுக்கு மூன்று கட்டம் இடைவெளி குறைகிறது. நான்காவது சுற்றில் ஓகரின் கதாயுதம் சிறுவன் தலைமேல் இருக்கும். கரைக்குப் போக ட்வார்ஃபுக்கு ஐந்து சுற்று வேண்டும்.

அப்போதுதான் ட்ரூயிடாக, அதாவது இயற்கையிலிருந்து மந்திரம் பெறுபவளாக, ஆடும் தோழி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "இங்கே இருக்கும் நாணல் எல்லாம் சாதாரணச் செடிகள்தானே?"

அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொன்ன நொடியிலிருந்து, இந்த ஆட்டத்தில் நிலத்துக்கும் மந்திரத்துக்கும் என்ன உறவு என்பதைப் பற்றி நான் நினைத்திருந்த பலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். நான் சொல்லும் விதிகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகத்தில் உள்ளவை. எங்கள் குழு இன்னும் அதைத்தான் ஆடுகிறது.

கடின நிலம் என்ற விதியைப் புத்தகத்தில் படிக்கும்போது அது ஒரு தண்டனைபோலத் தெரியும். உடைந்த கற்கள், முட்புதர், பனி, செங்குத்தான படிகள் என எதுவானாலும் ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக ஓர் அடி. இரண்டு காரணங்கள் ஒரே இடத்தில் சேர்ந்தாலும் விலை ஏறாது. பனிக்கு மேல் முட்புதர் இருந்தாலும் அதே இரண்டு மடங்குதான். இதைத் தாண்டி விதி எதையும் சொல்வதில்லை. ஆனால் சேற்றில் நடந்தவனுக்கு அந்தக் கூடுதல் ஓர் அடி என்னவென்று உடம்பிலேயே தெரியும். சிறுவயதில் தாத்தாவின் வயலில், சேற்றுழவு முடிந்து பரம்படித்திருந்த நாளில், எதிர்ப்பக்கம் நின்ற கொக்கைப் பார்க்கக் குறுக்கே இறங்கினேன். மூன்றாவது எட்டில் கால் கெண்டைக்கால்வரை இறங்கியது. இழுத்தால் சேறு விடவில்லை. விட்டபோது செருப்பை வைத்துக்கொண்டு காலை மட்டும் விட்டது. தாத்தா வரப்பின்மேல் நிதானமாக நடந்து எனக்கு முன்னால் அந்தப் பக்கம் போய் நின்றார். அவர் நடந்தது சுற்றுவழி. நான் இறங்கியது நேர்வழி. சதுப்பு நிலம் வரையும்போதெல்லாம் அந்த வரப்புதான் என் நினைவுக்கு வருகிறது. நேர்வழியின் விலையைப் பார்த்துச் சுற்றுவழியைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் இந்த விதியே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த விலைக்கணக்கு கற்பனை உலகத்துக்காகப் பிறந்தது அல்ல. 1824-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி வெளியிட்ட போர்ப்பயிற்சி ஆட்டம் நிலப்படத்தின்மேல் ஆடப்பட்டது. அதிகாரிகள் ஆற்றையும் காட்டையும் மேட்டையும் கணக்கில் வைத்துப் படைகளை நகர்த்தினார்கள். அந்த மரபின் நீண்ட கிளையொன்றில்தான் 1971-இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய செயின்மெயில் வந்தது. அது பொம்மைப் படைகளை வைத்து ஆடும் இடைக்காலப் போர் ஆட்டம். கடைசியில் கற்பனை உயிர்களுக்கான ஒரு பின்னிணைப்பும் உண்டு. மந்திரவாதி அதில்தான் களத்துக்கு வருகிறார். எப்படி வருகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் எறியும் நெருப்புப் பந்து பெரிய கவண்பொறி தாக்கும் பரப்புக்குச் சமம். மின்னல் ஒரு கனரக பீரங்கிக்குச் சமம். மந்திரம் முதலில் இந்த ஆட்டத்துக்குள் நுழைந்தது பீரங்கியாகத்தான்.

1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது, காட்டுவழிப் பயணத்துக்கு அவலான் ஹில் நிறுவனம் 1972-இல் கொண்டுவந்த அவுட்டோர் சர்வைவல் என்ற பலகை ஆட்டத்தின் வரைபடத்தைப் பயன்படுத்தச் சொன்னார்கள். அறுகோணக் கட்டங்கள், மலை, சதுப்பு, பாலை, ஆறு. வழி தவறியவன் தண்ணீர் தேடி உயிர் பிழைக்கும் ஆட்டம் அது. ஆக, நிலம் ஒரு பக்கமிருந்தும் மந்திரம் இன்னொரு பக்கமிருந்தும் வந்து ஒரே பெட்டியில் சேர்ந்தன. இரண்டும் இன்னும் முழுதாக ஒட்டவில்லை என்பதற்கு எங்கள் மேசையில் நடக்கும் வாதங்களே சாட்சி.

மந்திரம் நிலத்தோடு மோதுவது இரண்டு விதம். ஒன்று, இல்லாத கடினத்தை உண்டாக்குவது. மற்றொன்று, இருக்கும் கடினத்தை மதிக்காமல் தாண்டிப்போவது. நான் ஆட்டம் நடத்த ஆரம்பித்த காலத்தில் இரண்டாவதைக் கண்டுதான் பயந்தேன். இப்போது முதலாவதைத்தான் இந்த ஆட்டத்தின் மிக அழகான பகுதி என்று நினைக்கிறேன்.

ஸ்பைக் க்ரோத் என்ற மந்திரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மந்திரங்களுக்கு வலிமைப்படி நிலைகள் உண்டு. இது இரண்டாம் நிலை. ட்ரூயிடும், காடறிந்த வீரரான ரேஞ்சரும் கற்றுக்கொள்வார்கள். இருபது அடி ஆரத்துக்குத் தரை முறுக்கிக்கொண்டு முள்ளாக முளைக்கும். அது கடின நிலம் ஆகிறது. அதோடு, உள்ளே நகரும் ஒவ்வோர் ஐந்து அடிக்கும் இரண்டு நான்குமுகப் பகடை அளவு காயம். வட்டத்தின் நடுவில் நிற்கும் ஒருவன் வெளியே வர இருபது அடி போக வேண்டும். அவன் வேகம் 30 என்றால் ஒரு முறையில் பதினைந்து அடிதான் நகர முடியும். அதற்குள் ஆறு பகடை, சராசரியாகப் பதினைந்து காயம். இன்னும் ஐந்து அடி மிச்சம். ஒரு சாதாரண காப்ளினுக்கு உயிர்ப்புள்ளிகள் ஏழு. அதாவது காப்ளின் இரண்டாவது கட்டத்தைத் தாண்டுவதே அரிது.

ஆனால் காப்ளினுக்கும் மூளை இருக்கிறது. நகராமல் நின்றால் காயம் இல்லை. அது வில்லை எடுத்து நின்ற இடத்திலிருந்தே எய்யத் தொடங்கும். முள் தரை அவ்வளவில் வெறும் வேலியாகிவிடும். இங்கேதான் வார்லாக், அதாவது ஒரு வேற்றுச் சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்றவர், உள்ளே வருகிறார். அவருடைய தாக்கும் மந்திரமான எல்ட்ரிச் ப்ளாஸ்டில் ரிப்பெல்லிங் ப்ளாஸ்ட் என்ற திறன் சேர்ந்திருந்தால், அடிபட்டவனைப் பத்து அடி பின்னால் தள்ளும். தள்ளப்படுகிறவன் தன் கால் வேகத்தைச் செலவழிக்கவில்லை. ஆகவே கடின நிலம் அவனை மெதுவாக்காது. ஆனால் முள்ளின் விதி, அவன் கடக்கும் தூரத்தை மட்டும்தான் பார்க்கிறது. தானாக நடந்தானா, தள்ளப்பட்டானா என்று அது கேட்பதில்லை. பத்து அடிக்கு நான்கு பகடை. அடுத்து ட்ரூயிட் தன் முட்சாட்டையால், அதாவது தார்ன் விப் என்ற சிறு மந்திரத்தால், அதே ஆளைப் பத்து அடி இழுக்கலாம். மறுபடியும் நான்கு.

தேங்காய் துருவுவதைப்போல எதிரியை முன்னும் பின்னும் இழுப்பது ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெருப்புப் பந்தை ஒருவர் தனியாக எறிந்துவிடலாம். முள் தரைக்கு இரண்டு பேர் வேண்டும்; ஒருவர் நிலத்தைச் செய்ய வேண்டும், மற்றவர் அந்த நிலத்தை உழ வேண்டும். மேசையில் ஆறுமாதம் ஒருவரோடொருவர் அதிகம் பேசாமல் ஆடிய இரண்டு பேர், இந்த ஒரு மந்திரத்துக்காக நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். பீரங்கியாக நுழைந்த மந்திரம் மண்வெட்டியாக மாறியபோதுதான் அது எல்லோருடைய கருவியாயிற்று.

க்ரீஸ் இன்னும் எளியது. முதல் நிலை. பத்துக்குப் பத்து அடி தரையில் மசகு. அதுவும் கடின நிலம்தான். அங்கே நிற்பவர் தப்பிப்பதற்காக உருட்டும் பகடையில் தோற்றால் விழுவார். விழுந்தவர் எழுவதற்குத் தன் வேகத்தில் பாதி செலவாகும். வேகம் 30 என்றால் எழுந்தபின் பதினைந்து அடி மிச்சம், மசகில் அது ஏழரை அடி, கட்டத்தில் ஒன்று. ஒரு முதல் நிலை மந்திரம் ஓர் எதிரியின் முழு முறையை ஒரே கட்டமாகச் சுருக்கிவிடுகிறது. அதுவும் மனக்குவிப்பு, அதாவது மந்திரம் நிற்கும்வரை அதிலேயே கவனம் வைத்திருப்பது, தேவையில்லாமல். மந்திரவாதி அதைப் போட்டுவிட்டு வேறு பெரிய மந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

கடினங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது என்று முன்னே சொன்னேன். ஆனால் வேகத்தையே குறைப்பது வேறு கணக்கு. பாதிரியாரின் ஸ்பிரிட் கார்டியன்ஸ், அதன் வட்டத்துக்குள் வரும் எதிரியின் வேகத்தைப் பாதியாக்குகிறது. அங்கே தரையும் சேறாக இருந்தால், 30 அடி முதலில் 15 ஆகிறது, பிறகு அந்தப் பதினைந்தும் இரண்டு மடங்கு விலையில் செலவாகிறது. ஏழரை அடி. வருமானம் குறைவது வேறு, விலைவாசி ஏறுவது வேறு. இரண்டும் ஒரே மாதத்தில் வந்தால் என்ன ஆகும் என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாக ஆட்டம் நடத்துபவர்கள் அடிக்கடி குழம்புவது இந்த இடத்தில்தான். எது வேகத்தைக் குறைக்கிறது, எது தூரத்தின் விலையை ஏற்றுகிறது என்று மந்திரத்தின் வரிகளைப் படித்தவுடன் பிரித்துக்கொண்டால் பாதி வாதம் தீர்ந்துவிடும்.

இனி அந்த நாணல் காட்டுக்கு வருகிறேன்.

தோழி கேட்டது ப்ளாண்ட் க்ரோத்துக்காக. மூன்றாம் நிலை மந்திரம். நூறு அடி ஆரத்துக்குள் இருக்கும் சாதாரணச் செடிகள் எல்லாம் ஒரே கணத்தில் அடர்ந்து வளர்ந்துவிடும். அதற்குள் ஓர் அடி நகர நான்கு அடி செலவு. நூறு அடி ஆரம் என்றால் விரிப்பில் குறுக்கே நாற்பது கட்டம். என் விரிப்பு போதவில்லை, பக்கத்தில் செய்தித்தாளை விரித்துக் கோடு போட்டோம். அந்த மந்திரத்தின் வரிகளில், பலர் படித்தும் பயன்படுத்தாத ஒரு சலுகை இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் எந்த அளவிலும், எத்தனை பகுதிகளையும், செடி வளராமல் விட்டுவிடலாம். அவள் பென்சிலை எடுத்து, குழு நின்ற இடத்திலிருந்து கரைவரை ஒரே ஒரு கட்ட அகலத்தில் வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டாள். "இதை மட்டும் விட்டுவிடு" என்றாள். ஐந்து அடி அகல வழி. வரப்பு.

மந்திரவாதியாக ஆடும் நண்பர் உடனே ஒரு கேள்வி கேட்டார். அவளுடைய ட்ரூயிட் நிலவட்டம் என்ற பிரிவைச் சேர்ந்தவள், பாத்திரத்தின் வளர்ச்சியில் ஆறாம் நிலை. அந்த நிலையில் லேண்ட்ஸ் ஸ்ட்ரைட் என்ற திறன் கிடைக்கும். மந்திரமில்லாத கடின நிலத்தில் அவளுக்குக் கூடுதல் செலவு கிடையாது. மந்திரமில்லாத செடிகளும் அவளை மெதுவாக்காது. "ஆனால் இது மந்திரத்தால் வளர்ந்த நாணல் ஆயிற்றே, இதில் அவள் எப்படிச் சுலபமாக நடப்பாள்?" என்றார். நியாயமான கேள்வி. பதினைந்து நிமிடம் ஆட்டம் நின்றது. அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக நான் வருந்தவில்லை.

விடை மந்திரத்தின் கால அளவில் இருக்கிறது. ஸ்பைக் க்ரோத் பத்து நிமிடம்வரை, அதுவும் மனக்குவிப்பு இருக்கும்வரைதான் நிற்கும். போட்டவர் கவனம் சிதறினால் முள் மறைந்துவிடும். மந்திரங்களைக் கலைக்கும் டிஸ்பெல் மேஜிக்கால் அதை அழிக்கலாம். அந்த முள் ஒவ்வொரு நொடியும் மந்திரத்தால் தாங்கப்பட்டு நிற்கிறது. ஆகவே அது மந்திர நிலம்; லேண்ட்ஸ் ஸ்ட்ரைட் அங்கே உதவாது. ப்ளாண்ட் க்ரோத் அப்படி அல்ல. அதன் காலம் ஒரு கணம். மந்திரம் வந்தது, வளர்த்தது, போய்விட்டது. மிஞ்சியது வெறும் நாணல். அதை டிஸ்பெல் மேஜிக்கால் அழிக்க முடியாது. அரிவாளால்தான் வெட்ட வேண்டும். மந்திரத்தால் மூட்டிய தீயில் பற்றிக்கொண்ட வைக்கோல், பிறகு சாதாரணமாகத்தானே எரிகிறது. கல்சுவர் எழுப்பும் வால் ஆஃப் ஸ்டோனும் இப்படித்தான். பத்து நிமிடமும் மனக்குவிப்பைக் காத்துவிட்டால் அந்தச் சுவர் நிரந்தரமாகிறது, கலைக்க முடியாததாகிறது. அதுவரை மந்திரம், அதன்பிறகு கல்.

இந்தப் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. நிலத்தைத் தொடும் ஒவ்வொரு மந்திரத்திடமும் கேட்கலாம்: நீ இந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறாயா, அல்லது மாற்றிவிட்டுப் போய்விட்டாயா? பிடித்துக்கொண்டிருந்தால் பிடிப்பவரைத் தாக்கி விடுவிக்கலாம். மாற்றிவிட்டுப் போனால் இனி அது வரைபடத்தின் ஒரு பகுதி. அடுத்த மாதம் அந்த வழியாக வந்தாலும் அங்கே இருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் அன்று எழுந்தது. ப்ளாண்ட் க்ரோத்தின் வரிகளில் கடின நிலம் என்ற சொல்லே இல்லை. நான்கு அடி விலை என்றுதான் இருக்கிறது. அப்படியானால் சேற்றின் கூடுதல் ஓர் அடியைச் சேர்த்து ஐந்தாக்கலாமா? சொல்லைப் பிடித்தால் ஆக்கலாம். நான் நான்கிலேயே நிறுத்தினேன். ஒரு காரணத்தின்மேல் இன்னொன்றை ஏற்றாதே என்பதுதான் அந்த விதியின் மனம் என்று தோன்றியது. ஓடாமல் நடக்கும் காப்ளினுக்கு இரண்டிலும் ஒரே கட்டம்தான். ஓடினால் மூன்று கட்டமா, இரண்டா என்பதில் மட்டும் வித்தியாசம். 2019-இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இந்தக் குழப்பத்தை நேராகத் தீர்த்துவிட்டது: கடின நிலத்துக்கு ஐந்து அடி கூடுதல், மிகக் கடின நிலத்துக்குப் பத்து அடி கூடுதல் என்று இரண்டு படிகள். பெயர் வைத்துவிட்டால் வாதம் குறைகிறது. ஐந்தாம் பதிப்பிலும் அப்படி இரண்டாவது படி ஒன்று இருந்திருக்கலாம்.

நிலத்தைத் தாண்டிப்போகும் மந்திரங்களைப் பற்றி நான் பயந்ததாகச் சொன்னேன். அதற்குக் காரணம் ஒரு மலை. பல வருடங்களுக்கு முன் மூன்று வாரம் உழைத்து ஒரு மலைப்பாதையைத் தயாரித்தேன். பனிச்சரிவு, தொங்குபாலம், குகை. குழுவின் மந்திரவாதி அப்போதுதான் ஃப்ளை கற்றிருந்தார். "பறந்துபோகிறோம்" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். மூன்று வார உழைப்பு ஒரு வாக்கியத்தில் முடிந்தது. வீட்டுக்கு வந்தபிறகுதான் கணக்குப் போட்டேன். ஃப்ளை பத்து நிமிடம் நிற்கும். பத்து நிமிடம் நூறு சுற்று. சுற்றுக்கு 60 அடி, முழு மூச்சாகப் பறந்தால் 120. மொத்தம் பன்னிரண்டாயிரம் அடி, இரண்டு மைல் சொச்சம். அதுவும் மூன்றாம் நிலையில் போட்டால் ஒரே ஓர் ஆளுக்கு. சாதாரண நடையில் ஒரு குழு நாளைக்கு 24 மைல் போகும். கடினமான மலையில் பாதி, 12 மைல். அந்த மந்திரம் மலையைத் தாண்டாது. ஒரு பள்ளத்தைத் தாண்டும், அவ்வளவுதான். விதி என் பக்கம் இருந்தது. நான்தான் அதன் எண்களைப் படிக்கவில்லை.

அன்றிலிருந்து தாண்டும் மந்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது எதைக் கேட்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். மிஸ்டி ஸ்டெப் முப்பது அடி தாவும், சேறும் முள்ளும் அதற்குப் பொருட்டல்ல. ஆனால் போய்ச்சேரும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். மூடுபனி அந்த மந்திரத்துக்குச் சேற்றைவிடப் பெரிய தடை. ஃப்ளைக்கு மனக்குவிப்பு வேண்டும். பறப்பவர்மேல் ஓர் அம்பு பட்டு மனம் சிதறினால் கீழே விழுவார், பத்து அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை. காற்றில் பறப்பவருக்கும் நிலம் உண்டு. அது அவருக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. வாட்டர் வாக் பத்துப் பேரை ஒரு மணி நேரம் தண்ணீர்மேல் நடக்கவைக்கும். அந்த ஏரியில் அலை எழுந்தால் அந்தப் பத்துப் பேரும் மேடுபள்ளத்தில்தான் நடப்பார்கள் என்று நான் தீர்ப்புச் சொல்வேன். இப்படிப் பார்த்தால் பெரும்பாலான மந்திரங்கள் நிலத்தை இல்லாமல் செய்வதில்லை. ஒரு விலைக்குப் பதில் இன்னொரு விலையை வாங்குகின்றன.

எல்லாம் அப்படி அல்ல. 2014 புத்தகத்தின் ரேஞ்சருக்கு முதல் நிலையிலேயே நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர் என்ற திறன் கிடைக்கும். அவர் தேர்ந்தெடுத்த நிலவகையில் முழுக் குழுவின் பயணத்தையும் கடின நிலம் மெதுவாக்காது. மந்திரத்தால் அன்றி அவர்கள் வழி தவறவும் மாட்டார்கள். சதுப்பை நேசித்துச் சதுப்பு ரேஞ்சரை உருவாக்கும் ஆட்டக்காரர், அந்தச் சதுப்பு அவருக்கு மட்டும் மறைந்துபோவதைத்தான் பரிசாகப் பெறுகிறார். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. தாத்தா வரப்பில் நடந்ததற்குக் காரணம் அவருக்கு வயல் இல்லாமல் போனதல்ல. எந்த வரப்பு இறுகியிருக்கிறது, எது நேற்றைய மழையில் கரைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நிலம் தெரிந்தவருக்கு அதிக வழிகள் தெரிய வேண்டும். என் மேசையில் இந்தத் திறனை மாற்றிவிட்டேன். ரேஞ்சர் இருந்தால் ஒவ்வொரு நாளும் அவருக்கு இரண்டு வழிகளைக் காட்டுவேன், ஒவ்வொன்றின் ஆபத்தையும் உண்மையாகச் சொல்வேன். தேர்வு அவருடையது.

ஃப்ரீடம் ஆஃப் மூவ்மென்ட் என்ற மந்திரத்தை மட்டும் மனப்பூர்வமாக ஏற்கிறேன். நான்காம் நிலை, ஒரு மணி நேரம், ஒருவருக்கு மட்டும். கடின நிலம் அவரைத் தொடாது. ப்ளாண்ட் க்ரோத்தின் நான்கு மடங்கு விலைக்கு அது பொருந்துமா என்று சொல்லுக்குச் சொல் வாதிடலாம். என் தீர்ப்பு, பொருந்தும். இதற்காகவே ஒரு பெரிய ஸ்லாட்டை, அதாவது மந்திரம் போடும் வாய்ப்பை, செலவழித்தவரை நாணலில் சிக்கவைப்பது முறையல்ல.

சரி, அன்று இரவு. அவள் மந்திரத்தைப் போட்டாள். நாணல் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்தது. ஓகருக்குச் சுற்றுக்கு எட்டு கட்டம் நான்காகச் சுருங்கியது. காப்ளின்களுக்கு ஆறு மூன்றாயிற்று. பன்னிரண்டு கட்டத்தைக் கடந்து வழியின் தொடக்கத்துக்கு ஓகர் வந்துசேர மூன்று சுற்று ஆயிற்று. அதற்குள் ட்வார்ஃப் பதினைந்து கட்டம் போயிருந்தான். வழி சேறுதான், ஆனால் வழி.

ஓகரும் அதைக் கண்டுகொண்டது. ஓகர் பெரிய உருவம். பத்தடி இடம் வேண்டும். ஐந்தடி வழியில் அது தன்னை ஒடுக்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று சொன்னேன், இரண்டு பக்கமும் நாணல் சுவர்போல நின்றதால். ஒடுங்கி நகர்ந்தால் ஒவ்வோர் அடிக்கும் இன்னும் ஓர் அடி. சேற்றோடு சேர்த்து மூன்று மடங்கு. அதன் எண்பது அடி ஓட்டம் ஐந்து கட்டமாயிற்று. ட்வார்ஃபும் ஐந்து கட்டம். மேசையில் அந்த எண்ணை முதலில் கண்டுபிடித்தது வார்லாக்காக ஆடுபவர். பென்சிலால் தாளில் தட்டிக்கொண்டே, "இனி பிடிக்க முடியாது, இனி பிடிக்கவே முடியாது" என்றார்.

கரையில் ட்வார்ஃப் சிறுவனை இறக்கிவிட்டுத் திரும்பி நின்றான். வழியின் வாயில், சேறு முடிந்து தரை இறுகும் இடத்தில், மந்திரவாதி க்ரீஸைப் போட்டார். ஒடுங்கி வருபவருக்குச் சுறுசுறுப்புப் பகடையில் பாதகம். இரண்டு உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். ஓகருக்கு ஏற்கெனவே சுறுசுறுப்பில் ஒன்று குறைவு. நான் இரண்டு இருபதுமுகப் பகடையையும் எல்லோரும் பார்க்க விரிப்பின் நடுவில் உருட்டினேன். பதினாறும் மூன்றும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று யாரோ சொல்லிமுடிப்பதற்குள் ட்வார்ஃபாக ஆடுபவர் கோடரிக்கான பகடையைக் கையில் எடுத்துவிட்டார்.

ட்ரூயிட் மட்டும் அந்த வழியில் வரவில்லை. அவளுக்கு வழி தேவைப்படவில்லை. நாணலுக்குள்ளேயே, காப்ளின்கள் மூன்று கட்டம் நகரும் இடத்தில் தான் பன்னிரண்டு கட்டம் நகர்ந்து, ஒரு பக்கம் சத்தம் கொடுத்து மறுபக்கம் போய், அவற்றைக் கரையிலிருந்து விலக்கி இழுத்துக்கொண்டே இருந்தாள். அவள் இருக்கும் கட்டத்தை நான் விரிப்பில் காட்டவில்லை. அவள் ஒரு சிறு தாளில் எழுதி எனக்கு மட்டும் காட்டினாள்.

கதையில் இரண்டு மாதம் கழித்து அதே ஊருக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். நான் புதிய விரிப்பில் சதுப்பை மறுபடி வரைந்தேன். நாணல் வட்டத்தையும் வரைந்தேன், அந்த வளைந்த வழியையும். இன்னும் இருக்கிறதா என்று மந்திரவாதி கேட்டார். இருக்கும், மந்திரம் போய்விட்டது, நாணல் போகவில்லை என்றேன். ஊர்க்காரர்கள் அந்த வழியில் மூங்கில் தட்டி பரப்பி, மீன்கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு போய்வருவதாகச் சொன்னேன். நாணலை வெட்டிப் பாய் முடைவதாகவும் சொன்னேன்.

ப்ளாண்ட் க்ரோத்துக்கு இன்னொரு முகம் உண்டு. ஒரு கணத்துக்குப் பதில் எட்டு மணி நேரம் செலவழித்தால், அரை மைல் ஆரத்துக்குள் இருக்கும் செடிகள் செழித்து, ஒரு வருடத்துக்கு விளைச்சல் இரண்டு மடங்காகும். தோழி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, ஊரின் வயல்கள் எந்தப் பக்கம் என்று கேட்டாள். நான் வரைந்திருக்கவில்லை. மார்க்கரை அவளிடமே கொடுத்தேன். அவள் முதலில் வரப்புகளை வரைந்தாள்.